கோப்பைக்கு அடுத்த சனிக்கிழமை

(கோவையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வென்ற பருவத்தைப் பற்றி ஒரு ரசிகன் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். உலகத்தில் எத்தனையோ கிளப்புகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் லெஸ்டரைப் பற்றிப் பேசலாம், ஜெர்மனியின் லெவர்குசனைப் பற்றிப் பேசலாம். நான் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. இந்த அரங்கிலிருந்து ஆட்டோ பிடித்தால் சீக்கிரமே போய்ச் சேரக்கூடிய, வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்து நேரு ஸ்டேடியத்தில், நம் கண்ணெதிரே நடந்த ஒரு பருவத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். 2018–19 ஐ லீக். கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி.

என் கையில் இருப்பது ஒரு பள்ளி நோட்டு. அந்தப் பருவத்தில் என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இதில் புள்ளிப் பட்டியலை அவளே கோடு போட்டு எழுதுவாள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு முடிவுதான் இருக்கிறது. 2018 அக்டோபர் 26, நேரு ஸ்டேடியம், சென்னை சிட்டி 4, இந்தியன் ஆரோஸ் 1. பெத்ரோ மான்ஸி மூன்று கோல் அடித்தார். பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாமல் 'மான்சி' என்று எழுதி அடித்து, 'மான்ஸி' என்று திருத்தியிருக்கிறாள்.

அன்று கேலரியில் இருந்த யாராவது, இந்த அணிதான் சாம்பியன் ஆகும் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். 1946இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கிய அணி அது. ஐ லீக்கில் ஆடிய முந்தைய இரண்டு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் முடித்தது. நம் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இந்த அணியில் ஒளிவிட்டார். உடனே ஜம்ஷெட்பூர் அணி அழைத்துக்கொண்டது. நல்ல ஆட்டக்காரர் கிடைத்தால் ஒரே வருடத்தில் கைநழுவிப் போகும் நிலையில் இருந்த கிளப் அது.

அந்த நிலையில்தான் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து நெஸ்தோர் கோர்தியோ, சாந்த்ரோ, எஸ்லாவா ஆகியோர் வந்தார்கள். அவர்களோடு எட்வின் சிட்னி, அலெக்சாண்டர் ரொமாரியோ, பிரவிட்டோ ராஜு என்று நம் பிள்ளைகளும் இருந்தார்கள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவதுதான் கால்பந்து என்று பழகியிருந்த நமக்கு, பின்வரிசையிலிருந்தே காலுக்குக் கால் கோத்துக்கொண்டு வரும் ஆட்டம் புதிதாக இருந்தது. முதல் சில ஆட்டங்களில், கோல்கீப்பர் பக்கத்திலிருக்கும் தடுப்பாளருக்குப் பந்தைத் தட்டிக் கொடுக்கும்போதெல்லாம் கேலரியில் "அடிப்பா, அடி!" என்று பதறுவார்கள். டிசம்பர் வாக்கில் அந்தப் பதற்றம் அடங்கிவிட்டது. எட்டாவது தட்டு, ஒன்பதாவது தட்டு என்று எண்ணிக்கொண்டு காத்திருக்கக் கற்றுக்கொண்டோம். ஒரு பருவம் ரசிகனுக்குத் தரும் முதல் பரிசு அதுதான் என்று நினைக்கிறேன். அது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது.

நண்பர்களே, கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 11 அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். மார்ச் 1ஆம் தேதி கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸைத் தோற்கடித்திருந்தால் அன்றே கோப்பை நம்முடையது. 3–2 என்று தோற்றோம். கடைசி நாளான மார்ச் 9ஆம் தேதி விடியும்போது நமக்கு 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. நமக்கு இங்கே மினர்வா பஞ்சாபோடு ஆட்டம். அவர்கள் முந்தைய ஆண்டின் சாம்பியன். ஈஸ்ட் பெங்காலுக்குக் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆட்டம். இரண்டும் ஒரே நேரத்தில். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு மைதானம், அந்தப் பக்கம் ஒரு மைதானம். நாங்கள் ஒரு கண்ணால் இதையும் ஒரு காதால் அதையும் பின்தொடர வேண்டியிருந்தது.

தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. அந்த அமைதியை எப்படிச் சொல்வது? ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், பூங்காப் பக்கத்து வேப்பமரத்துக் காக்கை கரைவது கேட்டது. இடைவேளை வரை அப்படியே போனது.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்று பேச்சில் தெரிந்தது. அந்தக் காலத்தில் மில் அணிக்கு ஆடியவர். செல்போன் என் மகள் கையில் இருந்ததால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கண்ணு, அங்க என்னாச்சு?"

"இன்னும் கோல் இல்லீங்க தாத்தா."

இடைவேளைக்குப் பிறகு நமக்குப் பெனால்டி கிடைத்தது. மான்ஸி அடித்தார், சமநிலை. அந்தப் பருவத்தில் அவருக்கு அது 21ஆவது கோல். அதிக கோல் அடித்தவர் என்ற சிறப்பை சர்ச்சிலின் வில்லிஸ் பிளாஸாவோடு பகிர்ந்துகொண்டார். அடுத்து, அசாமிலிருந்து வந்த கௌரவ் போரா இரண்டாவது கோலை அடித்தார். 2–1. அங்கே கோகுலம் முன்னிலை என்று செய்தி வந்தது. கேலரியே எழுந்து ஆடியது. ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில் கோழிக்கோட்டுக் காற்று மாறிவிட்டது. ஈஸ்ட் பெங்கால் ஒன்று போட்டது; சற்று நேரத்தில் இன்னொன்றும் போட்டது.

"ஈஸ்ட் பெங்கால் ரெண்டு–ஒண்ணு முன்னாடி போயிருச்சுங்க தாத்தா."

"இங்க நாம ஒண்ணு வாங்குனா?"

"கப்பு அவங்களுக்குப் போயிரும்."

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். நான்காக மடித்து மடியில் வைத்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார். மினர்வா பந்தோடு நம் பக்கம் வரும்போதெல்லாம் துண்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கூடுதல் நேரத்தில் போரா தம் இரண்டாவது கோலை அடித்தபோது எல்லோரும் குதித்தோம், அவர் எழுந்திருக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். 3–1. நமக்கு 43, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. இந்த நோட்டின் கடைசிப் பட்டியல் அதுதான்.

ஒரே ஒரு புள்ளி. தமிழ்நாட்டிலிருந்து ஓர் அணி ஐ லீக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த மாதமே புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பைப் போட்டியில், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சாம்பியனான பெங்களூரு அணியை 2–1 என்று வென்றார்கள். அரையிறுதியில் கோவாவிடம் தோற்றார்கள். அது எங்களுக்கு வலிக்கவே இல்லை. மனது நிறைந்து கிடந்தது.

நான் பேச வந்த விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. கோப்பையை வென்ற அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை.

அன்று மாலை நானும் மகளும் பழக்க தோஷத்தில் ஸ்டேடியம் பக்கம் போனோம். ஓட்டப்பாதையில் நடைப்பயிற்சிக்காரர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்தில் வலை இல்லை; அவிழ்த்துவிட்டிருந்தார்கள். நடுவட்டத்துச் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. மகள் கேட்டாள், "இனி எப்பப்பா மேட்ச்?" அடுத்த சீசன் வரட்டும் என்றேன். எந்த அணிக்கும் அடுத்த சீசன் உண்டு என்று நான் முழுமனதாக நம்பினேன். வென்ற அணிக்கு அது உறுதியாக உண்டு என்று நம்பினேன்.

நடந்தது வேறு. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார், நெஸ்தோர் ஹைதராபாத்துக்கு, 2020இல் மான்ஸி ஜப்பானுக்கு, ரொமாரியோ கோவாவுக்கு. அவர்கள்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. கால்பந்தாட்டக்காரனின் உழைக்கும் காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான். நல்ல கூலி கிடைக்கும் இடத்துக்குப் போவது அவன் உரிமை. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 விழுக்காடு பங்கு வாங்கியபோது கண்ணில் நீர் வருமளவுக்கு மகிழ்ந்தோம். 2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஐ.எஸ்.எல். நாட்டின் முதல்நிலை லீக் ஆனது. நாம் வென்ற ஐ லீக் ஒரு படி இறங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து 2019–20 பருவத்தையே பாதியில் நிறுத்தியது. 2020–21 ஐ லீக், கொல்கத்தாவிலும் கல்யாணியிலும் மட்டும் நடந்தது. கோவையில் ஓர் ஆட்டம்கூட இல்லை. அடுத்த பருவத்தின் அணிப் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயர் இல்லை. கோப்பை வென்று மூன்று வருடம் முடிவதற்குள் இதெல்லாம் நடந்துவிட்டது.

யார் குற்றம் என்று தேடுவதற்கு நான் இங்கே நிற்கவில்லை. அதைத் தேடித் தேடி நானே ஓய்ந்துபோனவன். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அப்போது நாம் என்ன செய்தோம்?

ஒரு புள்ளியில் தோற்ற ஈஸ்ட் பெங்காலைப் பாருங்கள். 1920இல் பிறந்த கிளப். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த மக்கள் தங்கள் ஊரின் நினைவாகக் கட்டிக்கொண்ட கிளப். அது வென்றால் அந்த வீடுகளில் இலிஷ் மீன் வாங்கிச் சமைப்பார்கள். தேசிய லீக்கைக் கடைசியாக வென்றது 2003–04இல். பதினைந்து வருடம் காத்திருந்து, 2019இல் ஒரே ஒரு புள்ளியில் நம்மிடம் இழந்தார்கள். அன்று கோழிக்கோட்டிலிருந்து அழுதுகொண்டே ரயிலேறியவர்கள் அடுத்த பருவமும் வந்தார்கள். அதற்கடுத்த பருவமும் வந்தார்கள். 2021இல் முதலீட்டாளரோடு ஒப்பந்தம் இழுபறியாகி, கிளப் ஆடுமா ஆடாதா என்ற நிலை வந்தபோது, ரசிகர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். 2024 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் ஒடிஷாவை 3–2 என்று வென்று சூப்பர் கோப்பையை எடுத்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கிடைத்த தேசியக் கோப்பை அது. அந்த இறுதி ஆட்டத்தில் அவர்களுக்குக் கோல் அடித்தவர்களில் ஒருவர் நந்தகுமார் சேகர். சென்னைப் பிள்ளை. சென்னை சிட்டியின் சட்டை போட்டு ஐ லீக்கில் ஆடத் தொடங்கியவர்.

அந்தக் கோலைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குள் ஒன்று உடைந்தது. நம் பையன் கோல் அடிக்கிறான். அவனைத் தலைமேல் தூக்கிக் கொண்டாட ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நாம் இல்லை. 2019இல் நாம் முதலிடம், அவர்கள் இரண்டாமிடம். ஆனால் அவர்களுக்கு அடுத்த சனிக்கிழமை இருந்தது. நமக்கு இல்லாமல் போனது.

வேறுபாடு எங்கே என்று பல நாள் யோசித்தேன். அவர்கள் வெற்றியின் ரசிகர்களாக இல்லை, கிளப்பின் ரசிகர்களாக இருந்தார்கள். நாம் ஒரு பருவத்தைக் காதலித்தோம். அற்புதமான பருவம்தான், காதலிக்கத் தகுந்ததுதான். ஆனால் மார்ச் 9ஆம் தேதி இரவு வீட்டுக்குப் போன பிறகு, அந்தக் கேலரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பெயரைக்கூட நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. துண்டை மடித்துக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஐந்து மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். தொடர்புக்கு ஓர் எண் இல்லை, கூடுவதற்கு ஓர் இடம் இல்லை, மாதம் பத்து ரூபாய் சந்தா கட்டும் ஒரு சங்கம் இல்லை. கிளப்புக்கு நெருக்கடி வந்த நாளில் நாம் தனித்தனி ஆட்களாக, தனித்தனி வீடுகளில், வருத்தப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அப்படிக் கூடி நின்றால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். லண்டனில் விம்பிள்டன் என்றொரு கிளப். அதை அங்கிருந்து பெயர்த்து மில்ட்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக 2002இல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் அழுதார்கள், அழுதுவிட்டு, சில வாரங்களுக்குள் தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். பொதுத் திடலில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கிலாந்துக் கால்பந்தின் ஒன்பதாம் படியிலிருந்து தொடங்கி, ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேலேறி, 2011இல் ஃபுட்பால் லீக் அடுக்குக்கே திரும்பினார்கள். 2020இல் பழைய மைதானம் இருந்த தெருவிலேயே சொந்த மைதானம் எழுப்பினார்கள். அவர்களிடம் பெரும் பணக்காரர் யாரும் இல்லை. இருந்தது, ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த கூட்டம்.

நம் ஊருக்கு இது தெரியாத வித்தையா? பண்டிகைக்குக் கோயில் கமிட்டி போடுகிறோம். தெருவுக்குத் தெரு மன்றம் வைத்திருக்கிறோம். சீட்டுப் பிடித்துக் கல்யாணம் நடத்துகிறோம். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது நமக்கு வெறும் பழமொழி இல்லை, வருடா வருடம் செய்யும் வேலை. தேர் நிலைக்கு வந்துவிட்டதே என்று யாரும் வடத்தை எறிந்துவிட்டுப் போவதில்லை. சுற்றி எடுத்து, காயவைத்து, அடுத்த வருடத்துக்குப் பத்திரப்படுத்துகிறோம். கால்பந்தில் நாம் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம், வடத்தைச் சுருட்டி வைக்கத் தவறிவிட்டோம்.

ஒரு பருவம் முடிந்ததும் ரசிகன் செய்ய வேண்டிய வேலை அதுதான். கோப்பை அலமாரிக்குப் போய்விடும். ஆட்டக்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பயிற்சியாளர் போவார், உரிமையாளர் மாறுவார். எல்லோரும் போன பிறகும் அதே இடத்தில் இருக்கப்போகிறவன் கேலரியில் உட்கார்ந்தவன் ஒருவன்தான். அதனால் கிளப்பின் நினைவைக் காப்பதும் அவன் பொறுப்புதான். எந்த நிமிடத்தில் யார் கோல் அடித்தார், யார் காயத்தோடு ஆடினார், எந்தக் கடையில் டீ குடித்துக்கொண்டு தோல்வியை அலசினோம் என்பதையெல்லாம் அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டியவன் அவன்.

நண்பர்களே, தோல்வி ரசிகர்களைச் சோதிக்கும் என்பார்கள். என் அனுபவம் வேறு. வெற்றிதான் கடுமையான சோதனை. தோற்றவனுக்கு அடுத்த வருடம் திரும்பி வரக் காரணம் இருக்கிறது. வென்றவனுக்கு, வேலை முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதியில்தான் நாம் கிளப்பை இழந்தோம்.

ஆனாலும் இந்தப் பருவம் வீணாய்ப் போனது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 20 ஆட்டங்களில் 48 கோல் அடித்த அணியைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். நேரு ஸ்டேடியத்தில் பந்தைக் காலுக்குக் கால் கோப்பதைப் பார்த்த பையன்கள் இன்று ஊர்த் திடல்களில் அப்படித்தான் ஆட முயல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். கன்னியாகுமரிக் கடற்கரையிலும் வியாசர்பாடியிலும் நெய்வேலியிலும் பந்து உருண்டுகொண்டுதான் இருக்கிறது. விதை இருக்கிறது. காவல் இருக்க ஆள்தான் வேண்டும்.

இந்த நோட்டில் 43 புள்ளிப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தை உங்களுக்குக் காட்டிவிட்டு முடிக்கிறேன். 2019–20 என்று தலைப்பிட்டு, பதினோரு அணிக்கும் என் மகள் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். கட்டங்களில் ஒன்றும் எழுதவில்லை. இந்த உரைக்காகக் கேட்டபோது, நோட்டைக் கொடுத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். "பேசிட்டு அப்படியே வந்துராதீங்கப்பா. அங்க வந்தவங்க பேரையும் நம்பரையும் அந்தக் காலிக் கட்டத்துல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

நோட்டும் பேனாவும் வாசலில் மேசைமேல் இருக்கும். போகும்போது பெயரை எழுதுங்கள். நம் மாவட்ட லீக்கில் சிறிய அணிகள் ஆடுகின்றன, பார்க்க ஆளில்லாமல் ஆடுகின்றன. அவர்களின் அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று விசாரித்து, உங்கள் ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்கிறேன். சேர்ந்து போவோம். இந்த முறை, பக்கத்தில் உட்காருபவரின் பெயரைக் கேட்டுக்கொள்வோம்.